மணலில் நிற்கும் கோல்

கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் தூண்டிலைப் பற்றி எழுதுகிறாரே என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். நான் பிறந்து வளர்ந்தது காரைக்காலில். பிழைப்புக்கு வந்து, பெண் எடுத்து, ஓய்வும் பெற்றுத் தங்கிவிட்டது ராஜபாளையத்தில். அதனால் காலில் கரிசலும் ஒட்டியிருக்கிறது, மணலும் ஒட்டியிருக்கிறது.

சென்னையில் வேலை பார்க்கும் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, கடற்கரையில் தூண்டில் ராடை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் வாங்கப் போகிறேன். எது மணலில் அசையாமல் நிற்கும்?" அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இது வெறும் ஸ்டாண்ட் சமாசாரம் இல்லை என்று தோன்றியது. மணலில் ஒரு கோலை ஊன்றி நிறுத்துவது நம் கரையில் மிகப் பழைய வேலை. அந்தக் கதையையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் கல்யாணம் என்றால் பந்தக்கால் ஊன்றுகிறோம். ஒரு முழம் குழி, கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் மண்ணைப் போட்டுக் கடப்பாரையால் இடித்துவிட்டால் போதும், கால் அசையாது. கரிசலாக இருந்தால் ஈரத்தில் அதுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் அப்படி நடக்காது. மணல் மணிக்கு மணி ஒட்டாது. குழி தோண்டத் தோண்டச் சரிந்து மூடும். ஆகவே கடலோர மக்கள் மணலில் எதை ஊன்றினாலும் அதற்கென்று ஒரு காரணமும் ஒரு சாமர்த்தியமும் இருந்திருக்கிறது.

காரைக்காலுக்கு வடக்கே இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுவது பட்டினப்பாலை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். முழுநிலா நாளில் பரதவர் மீன்பிடிக்கப் போகாமல், சுறாமீனின் கொம்பை நட்டு அதைத் தெய்வமாக வழிபட்ட செய்தி அதில் வருகிறது. வேலைக்கு விடுப்பு விட்ட நாளில், தங்களுக்குச் சோறு போடும் கடலின் ஓர் உறுப்பையே நட்டு வைத்து வணங்கியிருக்கிறார்கள். நெய்தல் நிலத்தார் எதையோ நட்டு நிறுத்தியது பற்றி நான் அறிந்த பழைய செய்தி இதுதான்.

இன்னொன்று தென்கோடியில். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு என்ற அழகான ஊர் இருக்கிறது. புயலில் சிக்கித் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி, 1540-ல் அங்குள்ள கடலோரக் குன்றின்மேல் நட்டார்கள் என்பது அவ்வூர் மரபு. புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ல். குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் 1581-ல் எழுந்தது. பாய்மரம் போன்ற கனத்த மரத்தை நிறுத்த அவர்கள் அலையடிக்கும் இடத்தைத் தேடவில்லை, மேட்டைத் தேடினார்கள். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, மீன்பிடிக்கு வருவோம். பாக் நீரிணைப் பக்கம் களங்கட்டி என்று ஒரு முறை உண்டு. யாழ்ப்பாணத்தில் களங்கண்ணி என்பார்கள். ஆழமில்லாத கடலில் கம்புகளை வரிசையாக ஊன்றி, வலையைக் கட்டி, மீனை வழிமறித்து ஓர் அறைக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு கம்பின் மேலும் விழும் பாரம் கொஞ்சம்தான், அதுவும் தரையை ஒட்டி விழுகிறது. அதனால் மெல்லிய கம்பும் நிற்கும். கரைவலையிலோ கம்பே கிடையாது. கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். படகு அரைவட்டமாகப் போய் வலையை விட்டுவிட்டு மறுமுனையோடு கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் குதிகாலை மணலில் புதைத்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுப்பார்கள். அங்கே ஊன்றிய கோல் மனிதன்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது அரசலாறு கடலில் சேரும் இடத்தில் பெரியவர்கள் கைத்தூண்டில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டையில் நரம்பைச் சுற்றி, நுனியில் ஈயக்குண்டும் முள்ளும் இறால் இரையும் கட்டி, தலைக்குமேல் சுழற்றி எறிவார்கள். பிறகு நரம்பு ஆள்காட்டி விரலில் இருக்கும். பீடி பற்றவைக்க வேண்டுமானால் கால் கட்டைவிரலுக்கு மாறும். மீன் தொட்டால் விரலுக்குத் தெரியும். இந்தத் தூண்டிலுக்கு ஸ்டாண்ட் எதற்கு? கடற்கரையில் நீளக் கம்பு பிடித்து நின்றவர்களை நான் அந்த வயதில் பார்த்ததில்லை. குளத்திலும் வாய்க்காலிலும்தான் மூங்கில் கம்புத் தூண்டில்.

நீளக் கம்பைப் பொழுதுபோக்காக இங்கே பரப்பியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆண்டு 1873. கம்பு மட்டும் சீமையிலிருந்து வர வேண்டிய அவசியமில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளிலும் வளரும் கல்மூங்கில், உள்ளே ஏறக்குறையக் கெட்டியாக இருக்கும். வெள்ளைக்காரர்கள் ஈட்டிக் கம்புக்கு அதைத்தான் விரும்பினார்கள். அந்த இனத்து மூங்கில் 'கல்கத்தா மூங்கில்' என்ற பெயரில் அமெரிக்கா வரை போய், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தூண்டில் கம்பாக ஆனது. பிறகு சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் அந்தக் காலத்துக் கம்பைக் கையில்தான் பிடித்தார்கள். கரையில் நட்டு வைக்க வேண்டிய தேவை மூன்று பொருள்களால் வந்தது. முதலாவது, சுழலாத உருளையிலிருந்து நரம்பு தானாக உருவிப் போகும் ரீல். ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அதைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது, பிரான்சின் மலைப்பகுதி ஊரான குளூசில் செய்யப்பட்ட 'மிச்செல்' ரீல். இரண்டாவது, 1935-ல் அமெரிக்காவில் பிறந்த நைலான். மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கண்ணாடியிழைக் கம்பு. இந்த மூன்றும் சேர்ந்ததும், நூறு நூற்றைம்பது கிராம் ஈயத்தை அலைக்கு அப்பால் எறிவது சாதாரண மனிதனுக்கும் சாத்தியமாயிற்று. அதற்குப் பன்னிரண்டு, பதினான்கு அடிக் கம்பு வேண்டும். அதை இரவு முழுக்கக் கையில் பிடித்து நிற்க யாரால் முடியும்? கையின் வேலையைச் செய்ய ஸ்டாண்ட் வந்தது.

எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இதை என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். தூண்டில் கம்பு 'கான்', அதாவது நாணல். ஸ்டாண்டுக்கு 'பீக்' என்று பெயர். பழைய போர்வீரன் தூக்கிய நீண்ட ஈட்டிக்கும் அதே சொல்தான். பெயரிலேயே பதில் இருக்கிறது. ஸ்டாண்ட் என்பது மணலில் குத்தி இறக்கும் ஈட்டி. எவ்வளவு ஆழம் குத்துகிறோம் என்பதே கேள்வி.

இனி மணலின் குணத்தைப் பார்ப்போம். ஈர மணலில் கால் வைத்தால், காலைச் சுற்றி ஒரு கணம் மணல் உலர்ந்து வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1885-ல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்கு விளக்கம் சொன்னார். நெருக்கமாக அடுங்கிய மணிகளை அழுத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டியிருக்கிறது, அதனால் இடைவெளி பெரிதாகித் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இறுகிய ஈர மணல் கோலைப் பிடிப்பதற்கும் இந்த நெருக்கம் ஒரு காரணம். மேல்பரப்பு உலர்மணல் சரிந்து ஓடும். அலை ஓயாமல் வந்து போகும் விளிம்பு மணலோ குழம்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், அலை எட்டாத ஆனால் ஓரடி தோண்டினால் ஈரம் தட்டும் இடமே சரியான இடம்.

ஆழத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெங்ட் பிரோம்ஸ் என்ற சுவீடன் பொறியாளர், மண்ணில் புதைத்த தூண் பக்கவாட்டு இழுப்பை எவ்வளவு தாங்கும் என்று 1964-ல் எழுதி வைத்தார். பொறியாளர்கள் இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள். பென்சிலும் தாளுமாக அதைத் தூண்டிலுக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டங்குலக் குழாயை ஓரடி மணலில் இறக்கி, பன்னிரண்டடிக் கம்பைச் செருகினால், கம்பின் நுனியில் சுமார் ஒரு கிலோ இழுப்புக்கே அது சாய்ந்துவிடும். அதே குழாயை இரண்டடி இறக்கினால் ஏழு கிலோ வரை தாங்கும். ஆழம் இரண்டு மடங்கு, பிடிமானம் ஏழு மடங்கு! கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பளபளப்பான ஸ்டாண்டும் ஓரடிதான் இறங்குமென்றால், நம் ஊர் ஹார்டுவேர் கடைக் குழாய் அதைவிட மேல்.

பேரனுக்கு நான் எழுதியனுப்பியது இதுதான். மொத்தம் நாலடி நீளம் இருக்கட்டும், இரண்டடி மணலுக்குள், இரண்டடி வெளியே. பி.வி.சி. குழாய் என்றால் கனமான ரகமாக வாங்கி, அடிப்பக்கத்தைச் சாய்வாக அறுத்துக் கூராக்கு. நடுவில் குறுக்காக ஒரு போல்ட் போடு, கம்பின் அடி அதில் உட்காரும், ரீலில் மணல் ஏறாது. கல்லால் நேராக அடித்தால் குழாய் பிளக்கும், மேலே மரக்கட்டை வைத்து அடி. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த குழாய் மொறுமொறுவென்று ஆகிவிடும், மாற்றிவிடு.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் 'எல்' வடிவ அலுமினியப் பட்டையின் மேல் குழாயைப் பொருத்திய ஸ்டாண்ட் நல்லது. உருண்டைக் குழாய் மணலில் திரும்பும், பட்டை திரும்பாது. சாதா இரும்பு உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். எவர்சில்வர் கேட்டால் 316 ரகமா என்று கேள், 304 கடலோரத்தில் கறை பிடிக்கும். முக்காலி ஸ்டாண்ட் கெட்டித் தரைக்கு ஏற்றது. மணலில் வைத்தால் நடுவில் ஒரு பையைக் கட்டி ஈர மணலை நிரப்பித் தொங்கவிடு. எந்த ஸ்டாண்ட் ஆனாலும் ரீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வை. மீன் இழுக்கும்போது நரம்பு போகட்டும், கம்பு போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னை, நாகப்பட்டினம் கரைகளில் ஏறி முட்டையிடும். ஒன்றரை அடி ஆழத்தில் முட்டை இருக்கும். நாம் குத்துவதோ இரண்டடி. இரவில் ஆமை ஏறிய தடம் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவற்றைக் காக்கிறது. அடும்பங்கொடி படர்ந்த இடத்தையும் விட்டுவிடு, மணல்மேட்டைப் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு கவலை மிச்சமிருக்கிறது. ஸ்டாண்ட் கிடைக்கும், மணல் கிடைக்குமா? நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதுமான கணக்கில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுக வேலை 1876-ல் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. நூறு வருடத்துக்கும் மேலான அந்தப் பாடம் கண்ணெதிரே இருந்தும், புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நான் இளைஞனாக நடந்த நகரத்து மணற்கரை போய், பாறாங்கல் வரிசை வந்தது. பிறகு 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிக் கொஞ்சம் மணலைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். போனதைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி. போகவிடாமல் இருப்பது அதைவிட மலிவு என்பதற்கும் அதுவே சாட்சி.

பாறாங்கல்லில் பரதவரின் சுறாக்கொம்பும் நிற்காது, பேரனின் குழாயும் இறங்காது. கரைவலை இழுக்கிறவனுக்குக் குதிகாலைப் புதைக்க இடமிருக்காது, ஆமைக்கு முட்டையிட இடமிருக்காது. கோலைத் தேர்ந்தெடுப்பது அரை நாள் வேலை. அது நிற்பதற்கான மணலை விட்டுவைப்பது நம் தலைமுறையும் அடுத்த தலைமுறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. உங்களில் மணப்பாடு, வேம்பார், திருச்செந்தூர்ப் பக்கம் போகிறவர்கள் ஓரிடத்தில் நின்று, ஒரு குச்சியை மணலில் குத்திப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறது என்று பேரன் பேத்திகளுக்குக் காட்டுங்கள்.