19 டொலர் 95 சதத் துப்பாக்கியும் அதை விற்ற கடையும்

ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் கொலை குறித்து எழுதப்பட்ட நூல்களைப் பட்டியலிடுவதற்கே தனியாக ஒரு நூல் வேண்டும். சுட்டவர் ஒருவரா பலரா, பின்னணியில் இருந்தவர்கள் யார் என்ற வினாக்களே அவற்றுள் பெரும்பாலானவற்றை நிரப்பியுள்ளன. 1964 இல் வெளியான வாரன் ஆணைக்குழுவின் அறிக்கையை வாசித்தபோது எனது கவனத்தை ஈர்த்தது வேறொரு பகுதி. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி எவ்வாறு வாங்கப்பட்டது என்பதை விபரிக்கும் பக்கங்களே அவை. அரசியல் கொலைகளைப் பற்றி நீண்டகாலம் செய்தி எழுதியவன் என்ற வகையில், ஆயுதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலேயே கோப்புகள் மூடப்படுவதைக் கண்டு பழகியவன் நான். இங்கோ கூப்பன் முதல் காசுக்கட்டளை வரை அனைத்தும் பத்திரமாக இருந்தன.

1963 பெப்ரவரி மாத 'அமெரிக்கன் றைபிள்மன்' சஞ்சிகையில் சிக்காகோ நகரின் 'கிளைன்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்' என்ற கடை ஒரு விளம்பரம் செய்திருந்தது. தொலைநோக்கி பொருத்தப்பட்ட இத்தாலிய இராணுவத் துப்பாக்கி ஒன்றின் விலை 19 டொலர் 95 சதம். அனுப்பும் செலவு ஒன்றரை டொலர். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரிலிருந்து 'ஏ. ஹிடெல்' என்பவர் அந்தக் கூப்பனை நிரப்பி, 21 டொலர் 45 சதத்துக்கான காசுக்கட்டளையுடன் அனுப்பினார். முகவரி, 2915 ஆம் இலக்கத் தபாற் பெட்டி. மார்ச் 20 ஆம் திகதி துப்பாக்கி அனுப்பிவைக்கப்பட்டது. ஹிடெல் என்று எவரும் இருக்கவில்லை. பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தவர் லீ ஹார்வி ஒஸ்வால்ட்.

அவர் இதற்கு முன்னரே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள 'சீபோர்ட் டிரேடர்ஸ்' நிறுவனத்திடம் ஒரு ரிவோல்வரும் கேட்டிருந்தார். விலை 29 டொலர் 95 சதம். முற்பணம் 10 டொலர், மிகுதி பொதி கைக்குக் கிடைக்கும்போது. இந்த விண்ணப்பப் படிவம்தான் முழு விவகாரத்திலும் மிகவும் விசித்திரமான ஆவணம் என்பேன். வாங்குபவர் அமெரிக்கப் பிரஜை என்றும் பாரதூரமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்படாதவர் என்றும் ஒரு சாட்சி உறுதிப்படுத்த வேண்டும் எனப் படிவம் கோரியது. 'டி.எப். டிரிட்டால்' என்பவர் அவ்வாறே உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டிருந்தார். கையெழுத்து நிபுணர்கள் ஆராய்ந்தபோது அதுவும் ஒஸ்வால்டின் கையெழுத்தே என்பது தெரியவந்தது! அப்போது 23 வயதான அவர், ஹிடெலுக்கு 28 வயது என்று எழுதியிருந்தார். இந்த ரிவோல்வரும் அதே மார்ச் 20 ஆம் திகதியே அனுப்பப்பட்டது. நவம்பர் 22 ஆம் திகதி ஜனாதிபதி சுடப்பட்டு ஒரு மணித்தியாலம் ஆவதற்கு முன்னர், டல்லாஸ் பொலிஸ் உத்தியோகத்தர் ஜே.டி. டிப்பிட் இதனாலேயே கொல்லப்பட்டார்.

மறுநாள் அதிகாலை 4 மணியளவில் கிளைன்ஸ் கடையின் நிர்வாகிகள் தமது நுண்படச் சுருள்களில் அந்தக் கூப்பனைத் தேடி எடுத்தனர். துப்பாக்கியின் தொடரிலக்கம் சி2766. பதிவேடுகளைப் பேணுவதில் அந்தக் கடை எந்தக் குறையும் வைக்கவில்லை. விற்றதும் சட்டப்படியே. பெயரையும் தபாற் பெட்டி இலக்கத்தையும் தவிர வாங்குபவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய கடப்பாடு அதற்கு இருக்கவில்லை என்பதுதான் விடயம்.

அன்றைய சட்டங்களைப் பார்த்தால் இது புரியும். 1927 ஆம் ஆண்டுச் சட்டம் மறைத்து வைக்கக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தபால் மூலம் தனியாருக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. ஆனால் தனியார் பொதிச் சேவைகளை அது தொடவில்லை. ஒஸ்வால்டின் ரிவோல்வர் 'ரெயில்வே எக்ஸ்பிரஸ்' நிறுவனத்தின் ஊடாகவே வந்தது. 1938 ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்தின் கீழ் ஒரு டொலர் கட்டணத்துக்கு வியாபாரி அனுமதிப்பத்திரம் பெறலாம். குற்றவாளி என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். சுமார் 1,300 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் கூப்பனைப் பார்த்து ஒரு கடைக்காரருக்கு என்ன தெரியும்? கேட்காதவருக்குத் தெரியாது, தெரியாதவருக்குக் குற்றமும் இல்லை. இதைவிட வசதியான சட்டத்தை எந்த வியாபாரியும் கேட்டிருக்க முடியாது.

இந்த ஓட்டையைக் கண்டவர் கனெக்டிகட் மாநிலத்தின் செனட்டர் தோமஸ் டொட். கொலைக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1963 ஆகஸ்டிலேயே, அஞ்சல்வழிக் கைத்துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தை அவர் சமர்ப்பித்திருந்தார். கோல்ட், வின்செஸ்டர் போன்ற உள்நாட்டு ஆயுத உற்பத்தியாளர்களின் மாநிலம் கனெக்டிகட் என்பதையும், அவர்களது சந்தையைக் குலைத்தவை மலிவான வெளிநாட்டு இராணுவத் துப்பாக்கிகள் என்பதையும் வாசகர்கள் மறக்கலாகாது. கென்னடி கொல்லப்பட்ட பின்னர் சட்டமூலம் நீண்ட துப்பாக்கிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய றைபிள் சங்கத்தின் நிறைவேற்றுத் துணைத்தலைவர் பிராங்க்ளின் ஓர்த் கூட அதற்குச் சார்பாகவே சாட்சியமளித்தார். எனினும் சங்க உறுப்பினர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. சட்டமூலம் குழுக்களுக்குள் கிடந்து உறங்கியது.

அதனை எழுப்புவதற்கு மேலும் இருவர் இறக்கவேண்டியிருந்தது. 1968 ஏப்ரல் 4 ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மிசூரிச் சிறையிலிருந்து தப்பிய ஜேம்ஸ் ஏர்ள் ரே, அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் ஒரு கடைக்குள் நேரில் நுழைந்து, பொய்ப் பெயரில் துப்பாக்கி வாங்கியிருந்தார். அது பிடிக்கவில்லை என மறுநாள் கொண்டுசென்று வேறொன்றை மாற்றியும் எடுத்தார். ஜூனில் றொபேர்ட் கென்னடி கொல்லப்பட்டார். ஒக்டோபர் 22 ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பதிவும் உரிமையாளர் அனுமதியும் அதில் இல்லை என்ற கவலையை அவர் அவ்வேளையிலேயே வெளியிட்டார்.

இதன் பின்னர் வியாபாரி வெளிமாநிலத்தவருக்கு நேரடியாகக் கைத்துப்பாக்கி விற்க முடியாது. வாங்குபவரின் சொந்த மாநிலத்திலுள்ள அனுமதி பெற்ற வியாபாரிக்கே அனுப்பவேண்டும். நீண்ட துப்பாக்கிகளுக்கு அயல் மாநிலத்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. 1986 இல் அது எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நேரில் சந்தித்து விற்கவேண்டும், இரு மாநிலங்களின் சட்டங்களுக்கும் அமைய விற்கவேண்டும். அந்தத் திருத்தத்தில் ஒரு வாசகம் என்னைக் கவர்ந்தது. மாறாகச் சான்று இல்லாதவிடத்து, இரு மாநிலங்களின் சட்டங்களையும் வியாபாரி உண்மையாகவே அறிந்திருந்தார் எனக் கொள்ளப்படும் என்கிறது அது. 1938 இல் தெரியாது என்பது கேடயம். 1986 இல் தெரியும் என்பதே தொடக்கப் புள்ளி. துப்பாக்கி உரிமையாளர்களுக்குச் சலுகை வழங்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட சட்டத்திலேயே இது இடம்பெற்றமை வேடிக்கைதான். ஆனால் 2005 இல் நிறைவேறிய இன்னொரு சட்டம், விற்ற ஆயுதத்தால் பிறர் புரியும் குற்றங்களுக்காக வியாபாரிகள் மீதும் உற்பத்தியாளர்கள் மீதும் தொடுக்கப்படும் சிவில் வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிட்டது. தெரிந்தே சட்டத்தை மீறி விற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு இல்லை.

2007 ஏப்ரல் 16 ஆம் திகதி வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவனின் இரு கைத்துப்பாக்கிகளுள் ஒன்று, விஸ்கொன்சின் மாநிலத்துக் கடையொன்றிடமிருந்து இணையத்தின் மூலம் வாங்கப்பட்டது. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னவாறே அது வேர்ஜீனியாவில் அனுமதி பெற்ற அடகுக்கடைக்கு அனுப்பப்பட்டு, அங்கே அடையாளம் பார்த்து, பின்னணிச் சோதனையும் செய்து கையளிக்கப்பட்டது. அவன் தனக்கே ஆபத்தானவன் என 2005 டிசம்பரில் நீதவான் ஒருவர் தீர்மானித்து, வெளிநோயாளராகச் சிகிச்சை பெறுமாறு உத்தரவிட்டிருந்தார். சமஷ்டிச் சட்டத்தின்படி அதுவே விற்பனையைத் தடுக்கப் போதுமானது. ஆனால் அத்தகைய உத்தரவுகளைத் தேசியத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வழக்கம் அப்போது வேர்ஜீனியாவில் இருக்கவில்லை. அதை மாநில ஆளுநர் அதே மாத இறுதியில் மாற்றினார். ஏனைய மாநிலங்களும் தமது பதிவுகளை அனுப்புவதை ஊக்குவிக்கும் சமஷ்டிச் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் 2008 ஜனவரியில் கையொப்பமிட்டார்.