பழைய மஸ்கெலியா

பழைய மஸ்கெலியா, இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கும் தோட்டப்புற நகரம். 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியா ஓயா என்ற ஆற்றுக்குக் குறுக்கே அணை எழும்பியபோது நகரம் மேட்டுக்கு இடம்பெயர்ந்தது; இருந்த இடம் நீருக்குள் போனது. இன்று மஸ்கெலியா என்று பேருந்துப் பலகையில் எழுதியிருப்பது கரைமேல் உள்ள புது நகரத்தை. நீர் வற்றும் மாதங்களில் மட்டும் தலைகாட்டுவது பழைய டவுன்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதை சிவனொளிபாதமலை அடிவாரத்தில் முடிகிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் அரபு நாடுகளுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடிய மரக்கலங்களுக்கு அடையாளமாக இருந்தது. மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் அதன்மேல் ஏறினார். ஆனால் அந்த வணிகர் காலத்துக்கும் இந்த நகரத்துக்கும் தொடர்பு கற்பிப்பது வீண். அன்று இங்கே இருந்தது அடர்காடு. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் காப்பி போட வந்த பிறகே மஸ்கெலியாவில் தோட்டங்கள் உண்டாயின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியைத் தின்றுதீர்க்க, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. காப்பியின் நினைவு ஒரு பெயரில் மட்டும் ஒட்டியிருக்கிறது: மஸ்கெலியாவின் தோட்டங்களில் ஒன்று மொக்கா. செங்கடற்கரையில், காப்பி ஏற்றுமதியால் செழித்துப் பின் பாழ்பட்ட யேமன் துறைமுகத்தின் பெயர் அது.

காப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலர் மாண்டனர். 1884இல் ரயில் ஹட்டனை எட்டியதும் அரிசி மேலே வருவதும் தேயிலைப் பெட்டி கீழே போவதும் எளிதாயின. மொக்கா, பிரவுன்லோ, கிளென்டில்ட் போன்ற தோட்டங்களுக்கு மஸ்கெலியாதான் டவுன்: அரிசி, துணி, வெற்றிலை, அடகு எல்லாவற்றுக்கும் தொழிலாளர்கள் தங்கள் வரிசைவீடுகளான லயங்களிலிருந்து இறங்கி வந்த இடம். அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை இடிபாடுகளே சொல்கின்றன. நீருக்குள் போனவற்றில் சண்முகநாதர் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, பௌத்த விகாரையும் உண்டு.

நகரத்தை விழுங்கிய திட்டம் பழையது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களின் வீழ்ச்சியைக்கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குக் காட்டினார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. மவுசாகலை அணை 1969இல் முடிந்தது. கீழே பொல்பிட்டிய மின்நிலையமும் அதே ஆண்டு ஓடத் தொடங்கியது. பின்னர் புதிய லக்சபான, கெனியன் மின்நிலையங்களும் இந்த நீரை நம்பி எழுந்தன. நகரத்தையும் தேயிலை நிலத்தையும் கொடுத்த பள்ளத்தாக்கில், அதற்குப் பிறகும் நெடுங்காலம் பல லயங்களில் எரிந்தது குப்பிலாம்பு.

இடம்பெயர்ந்த காலமும் சாதாரணமானதல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ, சாஸ்திரி உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தது. அணை கட்டியபோது, மேட்டில் எழும்பும் புது டவுனில் தங்கப்போகிறோமா, கப்பலேறப்போகிறோமா என்று தெரியாமலே பலர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும். மழை குறைவதோடு மின் உற்பத்திக்கு நீர் திறப்பதும் சேர்ந்துகொள்ளும். கடும் வறட்சி ஆண்டுகளில் கோயில் சுவர்களும் பழைய பாதையும் சேற்றிலிருந்து வெளிவருகின்றன. டிசம்பர் தொடங்கி மே வரையான சிவனொளிபாத யாத்திரைக் காலத்துக்குள் இது வருவதால் மலைக்குப் போகிறவர்களும் இறங்கிப் பார்க்கிறார்கள். சிலர் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்தத் தரிசனம் சுவர்களுக்கு நல்லதல்ல. முழுக்க நீரில் கிடக்கும் கட்டடத்தைவிட, நனைந்தும் காய்ந்தும் மாறிமாறித் தவிக்கும் கட்டடம் விரைவில் உதிரும்.

இவ்வகையில் இது தனியொரு நகரமல்ல. மேட்டூர் அணை வற்றினால் பண்ணவாடியில் நந்தி தெரியும். 1985இல் நிறைந்த கொத்மலை நீர்த்தேக்கத்தில் கடதொர விகாரை எட்டிப்பார்க்கும். எதிர்முனையில் நிற்பது சீனாவின் பட்டுப்பாதை நகரமான லூலான். அதை நீர் கைவிட்டது. பாலைமணல் மூடிய மரத்தூண்களும் எழுத்துப் பலகைகளும் பல நூற்றாண்டு கெடாமல் கிடந்து, 1900–01இல் ஸ்வென் ஹெடின் குழுவின் கண்ணில் பட்டன. மஸ்கெலியாவின் மரவேலைக்கு அந்தப் பேறு இல்லை.

சட்டத்தின் கண்ணிலும் பழைய மஸ்கெலியா இளையது. 1940இல் இயற்றப்பட்ட இலங்கைத் தொல்பொருட் சட்டம், எது பழைமைச் சின்னம் என்பதற்கு எல்லையாக வைத்த நாள் 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன உடன்படிக்கை நாள் அது. தோட்டத்துக்கென்று வந்த தமிழர் மலையகத்தில் எழுப்பிய எந்தச் சுவரும் அந்த நாளுக்கு முந்தியதல்ல.