டாஷ்போர்ட் வெளிச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



கொஞ்சம் நீளமான பதிவுதான். வாகனம் வைத்திருப்பவர்களும், வாகனத்துக்கு ஆசைப்படும் தம்பிமாரும் கடைசி வரை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் புதிய வாகனம் என்பது எமக்குக் கனவு. இருக்கிற பழையதையே கழுவி, பெயின்ட் அடித்து, அழகுபடுத்தி ஓடினோம். அதில் மலிவாக முடிகிற வேலை டாஷ்போர்ட் பல்ப் மாற்றுவது. மீற்றரைக் கழற்றி, பழைய பல்புகளை எடுத்துவிட்டு, நீலமோ ஊதாவோ சிவப்போ எல்ஈடி போட்டால் இருபது வருடப் பழைய காரும் இரவில் புதிதுபோலத் தெரியும்.

அழகுபடுத்துவதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன வெளிச்சத்துக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. எந்த நிறம் எங்கே எரிய வேண்டும் என்பதைப் பலர் யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது.

*சேற்றைத் தடுத்த பலகை*

"டாஷ்போர்ட்" என்ற சொல் காரோடு வந்ததல்ல, குதிரை வண்டிக் காலத்துச் சொல். ஓடும் குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறும் கல்லும் வண்டியில் இருப்பவர் மேல் படாமல் இருக்க, முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதுதான் டாஷ்போர்ட். குதிரை போய் இஞ்சின் வந்த பிறகும் பலகையும் பெயரும் தங்கிவிட்டன. மீற்றர்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து ஏறின.

ஆரம்பகாலக் கார்களின் முன்விளக்குகள் எண்ணெயாலும் அசற்றலீன் வாயுவாலும் எரிந்தவை. 1912இல் கடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டாட்டரையும் மின்விளக்குகளையும் சேர்த்தே கொடுத்தது. வாகனத்துக்குள் நம்பத்தகுந்த மின்சாரம் வந்ததும், மீற்றருக்கு மேல் ஒரு குட்டி மின்குமிழைப் பொருத்துவது இலேசான காரியமாகிவிட்டது.

*இருட்டில் வாசிக்க உயிரைக் கொடுத்தவர்கள்*

அதே காலத்தில் இருட்டில் கருவிகளை வாசிக்க இன்னொரு வழியும் வந்தது. ரேடியம் கலந்த பூச்சு. மணிக்கூடுகளின் முகத்திலும் விமானக் கருவிகளின் முகத்திலும் இலக்கங்களை இந்தப் பூச்சால் எழுதினால், மின்சாரம் இல்லாமலே இரவெல்லாம் பச்சையாக ஒளிரும்.

1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒரேஞ்ச் நகரில் இந்த வேலைக்கு இளம் பெண்களை எடுத்தார்கள். பலர் பதின்ம வயதுக்காரர்கள். இலக்கங்கள் மிகச் சிறியவை என்பதால் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. ஆபத்தில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே நிறுவனத்தின் இரசாயனவியலாளர்களோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால்தான் ரேடியத்தைத் தொட்டார்கள்.

ரேடியம் உடலுக்குள் போனால் கல்சியத்தைப் போல எலும்பில் போய்ச் சேரும். அந்தப் பெண்களின் பற்கள் விழுந்தன, தாடை எலும்பு உக்கியது, பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் 1927இல் வழக்குத் தொடுத்தார்கள். 1928இல் அது இணக்கத்தில் முடிந்தது. தொழிலால் வரும் நோய்க்கு முதலாளி பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற நிலை உலகில் பலப்பட, இந்தப் பெண்களின் போராட்டமும் ஒரு காரணம்.

*ஏன் பெரும்பாலும் பச்சை?*

பழைய டொயோட்டா, நிஸான் வாகனங்களில் இரவில் மீற்றர் பச்சையாக எரிந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். உள்ளே இருந்தது பச்சைப் பல்ப் அல்ல. சாதாரண மஞ்சள் வெளிச்சக் குமிழின் மேல் பச்சை நிறத்தில் ஒரு மூடி, அல்லது மீற்றர் முகத்துக்குப் பின்னால் பச்சை நிற வடிகட்டி. எமது கண் பச்சைப் பக்கத்து ஒளியைத்தான் கூடுதலாக உணரும். அதனால் குறைந்த வெளிச்சத்திலேயே இலக்கங்களை வாசித்துவிடலாம்.

வேறு முயற்சிகளும் நடந்தன. 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் பல்பே இல்லாமல், பூச்சுக்கு ஆடலோட்டம் கொடுத்து முகப்பையே ஒளிரவைத்தது. 1980களில் ஜப்பானியக் கார்களில் நீலப்பச்சை இலக்கங்களோடு டிஜிற்றல் மீற்றர்கள் வந்தன. 1989இல் லெக்ஸஸ் எல்எஸ் 400 காரில், சாவி போடும் வரை கறுப்பாக இருந்து, போட்டதும் உயிர் பெறும் மீற்றர் வந்தது.

*சிவப்பு எங்கிருந்து வந்தது?*

விழித்திரையில் கோல் கலங்கள், கூம்புக் கலங்கள் என இரு வகை உண்டு என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோம். இரவில் வேலை செய்வது கோல் கலங்கள். இருட்டுக்கு அவை முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை எடுக்கும். பிரகாசமான வெளிச்சம் ஒரு கணம் பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஆனால் கடும் சிவப்பு ஒளியை இந்தக் கலங்கள் அநேகமாக உணர்வதில்லை. அதனால்தான் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் விமானங்களிலும் நீர்மூழ்கிகளிலும் சிவப்பு விளக்கைப் பாவித்தார்கள்.

ஜேர்மனியின் பிஎம்டபிள்யூ 1970களிலிருந்து செம்மஞ்சள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டது. விமானம் செய்த பரம்பரையில் வந்த சுவீடனின் சாப் நிறுவனம் 1990களில் இன்னும் ஒருபடி மேலே போனது. ஒரு பொத்தானை அமுக்கினால் வேகமானியைத் தவிர மற்ற எல்லா மீற்றர் வெளிச்சமும் அணைந்துவிடும். ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் உரிய விளக்கு எரியும். வெளிச்சத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் அவர்கள் மூளையைச் செலவழித்தார்கள்.

*நீலத்துக்காக முப்பது வருடம்*

எமது பாடப்புத்தகத்தில் "ஒளிகாலும் இருவாயி" என்று வருவதுதான் கடையில் விற்கும் எல்ஈடி. 1907இல் ஹென்றி ரவுண்ட் என்பவர் ஒரு பளிங்கில் மின்னோட்டம் பாயும்போது ஒளி வருவதைக் கண்டார். ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் 1920களில் அதை ஆராய்ந்து எழுதினார். யாரும் கணக்கெடுக்கவில்லை. 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் அவர் பசியால் இறந்தார்.

1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்ஈடியைச் செய்தார். பின்னர் மஞ்சள் வந்தது, பச்சையும் வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஜப்பானில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் நாகோயா பல்கலைக்கழகத்திலும், ஷுஜி நகமுரா நிச்சியா என்ற கம்பனியிலும் விடாமல் முயன்றார்கள். 1993இல் நகமுராவின் பிரகாசமான நீல எல்ஈடி வெளிவந்தது. 2014இல் மூவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீலத்தின் மேல் மஞ்சள் பொசுபர் பூசினால் வெள்ளை ஒளி வரும். இன்று எமது வீட்டு விளக்கு, போன் திரை எல்லாவற்றுக்கும் மூலம் அந்த நீலம்தான். கார்க் கம்பனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 1997இல் வந்த நான்காம் தலைமுறை வொக்ஸ்வாகன் கொல்ஃப் நீலப் பின்னொளியும் சிவப்பு ஊசியுமாக வந்து இளைஞர்களைக் கவர்ந்தது. நீல எல்ஈடி மலிவானதும், கம்பனி செய்ததை வீட்டிலேயே செய்யலாம் என்று உலகமெங்கும் பையன்கள் மீற்றரைக் கழற்றத் தொடங்கினார்கள். அந்த அலைதான் எமது கராஜ்கள் வரை வந்திருக்கிறது.

*மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை*

1. எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தில் கை வைக்காதீர்கள். சிவப்பு என்றால் உடனே நிறுத்து, செம்மஞ்சள் என்றால் கவனி, பச்சை என்றால் ஒன்று வேலை செய்கிறது, நீலம் என்றால் ஹை பீம். இது உலகப் பொது மொழி. பல மீற்றர்களில் ஒயில் விளக்குக்கு முன்னால் சிவப்பு வடிகட்டி இருக்கும். அதன் பின்னால் நீல எல்ஈடி போட்டால், நீலத்தைச் சிவப்பு வடிகட்டி விடாது. ஒயில் அழுத்தம் விழுந்தாலும் விளக்கு எரிவது கண்ணில் படாது. பல்பில் மிச்சம் பிடித்த காசு இஞ்சினோடு போய்விடும். பிரேக் விளக்கு என்றால் உயிரோடு போகும்.

2. பெட்டரி சார்ஜ் விளக்கின் பழைய பல்பை மாற்றாதீர்கள். பல பழைய வாகனங்களில் அந்தப் பல்பின் ஊடாகப் போகும் மின்னோட்டம்தான் அல்டனேட்டரை முதலில் எழுப்பிவிடுகிறது. எல்ஈடி ஊடாகப் போவது மிகக் குறைவு. ஸ்டாட் செய்த பின்னும் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

3. எல்ஈடி ஒரு பக்கம் மட்டுமே மின்னோட்டத்தைக் கடத்தும். எரியவில்லை என்றால் பழுது என்று வீசாமல், திருப்பிப் போட்டுப் பாருங்கள். தனி எல்ஈடியை 12 வோல்ற்றுக்கு நேரே கொடுக்கக் கூடாது, தடையி வேண்டும். டி5, டி10 என்று கடையில் விற்பவற்றில் தடையி உள்ளேயே இருக்கும்.

4. பழைய பல்ப் எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்ஈடி முன்னால் மட்டும் குத்தும். அதனால் மீற்றரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தலையை அரத்தாளால் உரசி மங்கச் செய்தால் ஒளி பரவும்.

5. நிறத்தட்டு மாற்றுவதற்காக ஊசியைப் பிடுங்காதீர்கள். திரும்பவும் அதே இடத்தில் குத்துவது கடினம். பிறகு மீற்றர் காட்டும் வேகத்தை நம்ப முடியாது.

6. பழைய டிம்மருக்கு எல்ஈடி சரியாகக் கட்டுப்படாது. போட்ட பிரகாசம்தான் கடைசி வரை. ஆகவே குறைந்த வெளிச்சமுள்ளதையே வாங்குங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் இரவுப் பயணத்தில் மிக முக்கியம். நீல ஒளி கண்ணுக்குள் கூடுதலாகச் சிதறும். இலக்கத்தின் ஓரங்கள் மங்கலாகத் தெரியும். கோல் கலங்களையும் அது நன்றாகத் தூண்டிவிடும். வயது போனவர்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம்.

எமது பக்கத்திலிருந்து கொழும்புக்கு எத்தனை வேன்கள் பொலன்னறுவை, ஹபரணை வழியாக இரவில் ஓடுகின்றன. அந்தக் காட்டு வீதியில் யானை நின்றால் அதற்கு விளக்கும் இல்லை, ஹோனும் இல்லை. இருட்டோடு இருட்டாக நிற்கும். அதை ஒரு கணம் முந்திக் காண்பதா, பிந்திக் காண்பதா என்பதில்தான் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. சாரதியின் முகத்துக்கு நேரே நீலப் பிரகாசம் அடித்துக்கொண்டிருந்தால் அவர் கண் எப்படி இருட்டுக்குப் பழகும்?

நிறம் மாற்றத்தான் வேண்டும் என்றால் மங்கலான செம்மஞ்சளோ சிவப்போ பச்சையோ போடுங்கள். எச்சரிக்கை விளக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே நீலம் போட்டவர்கள் இன்றிரவு வெளிச்சமில்லாத ஒரு வீதியில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, மீற்றர் வெளிச்சம் எரியும்போது ஒருமுறையும், அதைத் துணியால் மூடிவிட்டுச் சில நிமிடம் கழித்து இன்னொரு முறையும் வெளியே பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே விளங்கும்.

இரவு ஓட்டம் ஓடும் நானாமார், கராஜ் வைத்திருக்கும் தம்பிமார், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இதில் விடுபட்டது இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள். நாமும் படித்துக்கொள்கிறோம்.