பக்கவாதம்

வாதம் காற்றைக் குறிக்கும் வடசொல். திருக்குறளின் மருந்து அதிகாரம் அதை வளி என்கிறது. ஒரு பக்கத்தை முடக்குவதால் பக்கவாதம். கம்பம், சின்னமனூர் பக்கம் ‘கை காலு இழுத்துக்கிருச்சு’ என்பார்கள்.

கோளாறு காற்றில் இல்லை, மூளையின் ரத்தக்குழாயில். பெரும்பாலும் அடைப்பு, சிலருக்குக் கசிவு. அடைப்பால் ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் சாகின்றன. கொடுமை என்னவென்றால், அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போதும் சேதம் உண்டு. அப்போது பெருகும், ஆக்சிஜனில் பிறந்த நிலையற்ற மூலக்கூறுகள் செல்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன. இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அதைத் தணிக்கும் எடரவோன் மருந்தை ஜப்பான் 2001-இல் அனுமதித்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையிலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு; ஆனால் அது சிகிச்சையாகாது. வாய் கோணினால், கையிலிருந்து தம்ளர் நழுவினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு.