கம்பெனிக்காரன் ஆள் பார்த்த விதம்

கிழக்கிந்தியக் கம்பெனி நாடாண்ட கதை அன்பர்கள் அறிந்ததே. முதலில் அது ஒரு கடைதான். யாரை எந்த வேலையில் உட்கார வைப்பது என்ற தலைவலி அதற்கும் இருந்தது. வியாபாரியான எனக்கு அந்தப் பக்கம்தான் கண்ணில் படுகிறது.

சென்னைக் கோட்டைக்கு வரும் வெள்ளைக்காரப் பையன் 5 வருஷம் ரைட்டர். கணக்கும் கடிதமும் எழுதணும். பிறகு ஃபாக்டர் 3 வருஷம், ஜூனியர் மெர்ச்சண்ட் 3 வருஷம், அப்புறம் சீனியர் மெர்ச்சண்ட். ஆயுள் கெட்டியாக இருந்தால் போதும்! தமிழ் தெரியாவிட்டால் என்ன, துபாஷி இருக்கிறாரே.

1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கைக்கு வந்தது. நிலவரி போடக் குடியானவனிடம் நேரே பேசணும். சென்னை சிவில் உத்தியோகஸ்தரில் நாட்டு மொழி அறிந்தவர் அரிது. எனவே காரன்வாலிஸ் பிரபு, பட்டாளத்து அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார். உதவியாளர் மூவரும் பட்டாளத்தாரே. ஒருவர் தாமஸ் மன்றோ. வரிசையில் காத்திருந்தவர்களுக்கு எரிச்சல் வராதா?

அடுத்த வருஷமே, 1793 சாசனச் சட்டம் வரிசையைக் கெட்டிப்படுத்தியது. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேற்பட்ட பதவிக்கு 3 வருஷ சர்வீஸ், 1500-க்கு 6, 3000-க்கு 9, 4000-க்கு 12. இதை மடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். லண்டன் சிபாரிசோடு நேற்று வந்தவன் தலைமேல் ஏறுவதை அது தடுத்தது. என் கடையிலேயே, பழைய கணக்கப்பிள்ளை இருக்க, நாலு பாஷை பேசும் பையனைக் கல்லாவில் உட்கார வைத்தேன். பெரியவர் ரெண்டு நாள் என்னோடு பேசலை.

1812-இல் கம்பெனி, இளம் சிவிலியன்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்கக் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. ரைட்டராக ஒருநாளும் இருந்திராத மன்றோ 1820-இல் சென்னை கவர்னரானார்.