உப்பிலிட்ட காடு

பின்லாந்தில் காளான் பொறுக்கும் காலம் ஓகஸ்டில் சூடுபிடித்து, நிலம் உறையும்வரை நீளும். அதன் பிறகு மே மாதம்வரை காட்டில் ஒன்றும் இல்லை. கூடை பரணில் கிடக்கும். டிசம்பரில் ஹெல்சிங்கியின் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. இந்த நெடும் இடைவெளியை இங்குள்ளவர்கள் எப்படிக் கடத்துகிறார்கள் என்று பார்க்கப்போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

நத்தார் மேசையில் பன்றித் தொடைக்கும் கிழங்குக்கும் அருகே, ஒரு கிண்ணத்தில் சாம்பல் நிறமாக ஒன்று இருக்கும். அதன் பெயர் சியெனிசலாத்தி. உப்பிலிட்ட காளானைத் தண்ணீரில் ஊறவைத்துப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகுத்தூளும் கிரீமும் சேர்த்துக் கலந்தது. இது பின்லாந்தின் பழம்பெரும் உணவு என்று பலர் சொல்வார்கள். நாட்டின் மேற்குப் பாதியைப் பொறுத்தவரை அது சரியல்ல. 80 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும்பாலான கமக்காரர் வீடுகளில் காளான் என்பது மாட்டுத் தீனி. ஓகஸ்டில் மாடுகள் காளானைத் தேடிக் காட்டுக்குள் போய்விடும். மனிதர் அதற்காகக் குனிவது கௌரவக் குறைவு.

பட்டினிகூட இந்த வெறுப்பை மாற்றவில்லை. 1866 முதல் 1868 வரையான பெரும் பஞ்சத்தில் மக்கள் தொகையில் ஏறக்குறைய 8 சதவீதம் இறந்தது. பாசியையும் காளானையும் உண்ணும்படி அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். மரப்பட்டையை இடித்து ரொட்டியில் சேர்த்த மக்கள், காளானை நம்பவில்லை. சுவீடிஷ் பேசிய மேட்டுக்குடியினர் மட்டும் உண்டார்கள். அதுவும் இரவல் வாங்கிய ருசிதான். பிரான்சில் பிறந்து சுவீடனின் அரசரான பதினான்காம் கார்ல் யோகானின் பெயரையே ஒரு காளான் சுவீடிஷ் மொழியில் இன்றும் சுமக்கிறது.

கிழக்கே, கரேலியாவில், கதை வேறு. ரஷ்யாவின் பக்கம் சாய்ந்த அந்தச் சமையலில் காளானுக்கு மதிப்பு இருந்தது. ஓர்தடொக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களில் இறைச்சிக்கும் பாலுக்கும் தடை, காளானுக்குத் தடையில்லை. கரேலியர் பெரிதும் விரும்பியது ரொவுஸ்கு என்ற வகை. உடைத்தால் பால் வடியும். பச்சையாக நாக்கில் வைத்தால் மிளகாயைக் கடித்ததுபோல் எரியும். அதை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மரப்பீப்பாவில் காளான் ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு என்று நிரப்பி, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். தன் நீரிலேயே அது மூழ்கிக் கிடக்கும். ஊறுகாய்ச் சாடி வைத்திருந்த எந்த வீட்டுக்கும் இது புரியும். வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போது நிலவறையில் ஒரு செப்டம்பர் இருந்தது.

சோவியத் படைகள் 1939 நவம்பர் 30 அன்று தாக்கின. பீப்பாக்கள் நிறைந்திருக்கும் நேரம். 1940 மார்ச் 13 அன்று போர் நின்றபோது வீபுரி நகரம் உட்படக் கரேலியாவின் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், நாட்டின் மக்கள் தொகையில் எட்டில் ஒரு பங்கு, மேற்கு நோக்கி நடந்தார்கள். 1941இல் பின்லாந்து அந்த நிலத்தை மீட்டதும் பெரும்பாலானோர் திரும்பிப் போய் வீடுகளைச் சீரமைத்தார்கள். 1944 செப்டம்பர் 19 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுபடியும் புறப்பாடு. முதல் முறை நிறைந்த பீப்பாக்களை விட்டுப் போனார்கள். இரண்டாம் முறை காளான் முளைத்து நின்ற காட்டையே விட்டுப் போனார்கள். வரலாற்று நூல்கள் எல்லைக்கோட்டையும் படைப்பிரிவுகளையும் எண்ணும். எனக்கு அந்தச் செப்டம்பரில்தான் கண் நிற்கிறது.

மேற்கில் அவர்களை அந்நியர் வீடுகளில் தங்கவைத்தார்கள். ஒரு அடுப்பு, இரண்டு குடும்பங்கள். பின்னிஷ் பேசும் சொந்த நாட்டவரையே, ரஷ்யரை இழிவாகச் சுட்டும் சொல்லால் கூப்பிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் சிறுமியாக வந்தவர். அவருடைய தாய் கூடை நிறைய ரொவுஸ்குவோடு காட்டிலிருந்து வந்தபோது, வீட்டுக்கார அம்மா அடுப்பைத் தரவில்லையாம். தாய் சவுனாவில் வெந்நீர் வைக்கும் கொப்பரையில் அவித்தாராம். “மாட்டுச் சாப்பாடு தின்கிறவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள்” என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நம் ஊரிலும் காளானுக்கு மரியாதை இல்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்றால் வேரில்லாதவன், திடீரென்று வந்தவன். அகதிக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வசை கிடைக்காது.

ஆனால் பசையும் மாவும் கெடுபிடியுமாக இருந்த போர்க்காலத்தில், காட்டில் இலவசமாகக் கிடப்பதை நஞ்சா உணவா என்று பிரித்தறியும் கண் அவர்களிடம் இருந்தது. யாருடைய காடானாலும் பழமும் காளானும் பறிக்கலாம் என்ற பொது உரிமை பின்லாந்தின் மரபு. நிலமில்லாமல் வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு! மரங்களும் பழகியவைதான்: பைன், ஸ்ப்ரூஸ், பேர்ச். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்காரிகள் கேட்கத் தொடங்கினார்கள். கரேலியரின் கம்புமாவுப் பணியாரம் நாடெங்கும் பரவியதைப் போலவே உப்புக்காளானும் பரவியது. 1969இல் காளான் ஆலோசகர்களுக்கு முறையான பயிற்சியும் தொடங்கியது. பாட்டிமாரிடம் இருந்த அறிவுக்குச் சான்றிதழ் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களோடு இவர்களை ஒப்பிட எனக்குத் தயக்கம் உண்டு. இவர்களுக்கு அரசு 1945இல் தனிச்சட்டம் இயற்றி, மேற்கத்தையரின் காணியையும் எடுத்துப் பங்கிட்டுக் கொடுத்தது. நிலம் கிடைத்ததால்தான் உப்புப் பீப்பாவுக்கு ஒரு நிலவறையும் கிடைத்தது. சமையல் தானாகப் பிழைப்பதில்லை.

குளிர்காலத்தின் மறுமுனையில் முதலில் வருவதும் கிழக்கில் விரும்பி உண்ணப்பட்ட ஒன்றுதான்: கொர்வசியெனி, அதாவது காதுக்காளான். மே மாதத்தில், மரம் வெட்டிக் கிளறிய மணற்பாங்கான பைன் காட்டில், மூளைபோல் சுருங்கி முளைக்கும். பச்சையாக உண்டால் ஆளைக் கொல்லும். நிறையத் தண்ணீரில் ஐந்து நிமிடம் அவித்து, நீரைக் கொட்டி, நன்றாக அலசி, புதுத் தண்ணீரில் மறுபடி அவிக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்; ஆவியும் நஞ்சு. சந்தையில் விற்பவர் எச்சரிக்கைத் தாளையும் சேர்த்தே தருவார். மூதாட்டி அந்தத் தாளை வாங்குவதில்லை. இப்போது பெப்ரவரி, அவருடைய சாடியில் இன்னும் கால்வாசி உப்புக்காளான் இருக்கிறது.