ஆஞ்சியோ நார்மல்... ஆனாலும் நெஞ்சு வலிக்குதா? கவனிக்க வேண்டியது சின்ன ரத்தக்குழாய்களை!

மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துது, மூச்சு வாங்குது. பயந்துபோய் ஆஞ்சியோகிராம் எடுத்தால் 'அடைப்பே இல்லை' என்று ரிசல்ட். 'கேஸ் பிரச்னையா இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க' என்ற அறிவுரையோடு வீடு திரும்புபவர்கள் பலர். ஆனால் வலி மட்டும் போகாது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு, இதயத்தின் நுண் ரத்தக்குழாய்கள் சரியாக வேலை செய்யாததே காரணமாக இருக்கலாம்.

ஆஞ்சியோவில் ஏன் தெரிவதில்லை?

ஆஞ்சியோவில் தெளிவாகத் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகள்தான். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் போகும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்கள் அதில் தெரியாது. தெரு மெயின் பைப் நன்றாக இருந்தாலும், வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமல் போகலாம் இல்லையா? அதே கதைதான்.

வேகமாக நடக்கும்போது இந்தச் சின்னக் குழாய்கள் விரிந்து, ரத்த ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். அவை விரியாவிட்டாலோ, இறுகிக்கொண்டாலோ இதயத் தசைக்கு ஆக்சிஜன் பத்தாது. வலி வருவது இதனால்தான்.

யாருக்கு வரும்?

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், அதிக கொழுப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆண்களுக்கும் வரும். ஆனால் பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, அதிகம் காணப்படுகிறது. காரணம் பிடிபடாத 1973-ல் மருத்துவர் ஹார்வி கெம்ப் இதைக் குறிப்பிட்ட விதத்திலிருந்து வந்த பெயர்தான் 'சிண்ட்ரோம் எக்ஸ்'.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட் ஸ்கேன், இதய எம்.ஆர்.ஐ. மூலம் கண்டறியலாம். ஆஞ்சியோவின்போதே மெல்லிய கம்பியைச் செலுத்தி, மருந்து கொடுத்து, ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்றும் அளக்கலாம். 2 மடங்குகூட கூடவில்லை என்றால் கோளாறு இருப்பதாக அர்த்தம்.

சிகிச்சை உண்டா?

உண்டு. இந்தச் சின்னக் குழாய்களில் ஸ்டென்ட் வைக்க முடியாது. பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர், ஸ்டாட்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். சர்க்கரை, பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும், சிகரெட்டை விடுவதும் முக்கியம். ஸ்காட்லாந்தில் நடந்து 2018-ல் வெளியான 'கார்மிகா' ஆய்வில், கோளாறின் வகையைக் கண்டறிந்து அதற்கேற்ற மருந்து கொடுத்தவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது.

இதை மறக்காதீங்க

ஆஞ்சியோ நார்மலாக இருந்தும் வலி தொடர்ந்தால், 'சின்ன ரத்தக்குழாய்களையும் டெஸ்ட் பண்ணணுமா டாக்டர்?' என்று கேளுங்கள். வலி சில நிமிடங்களில் அடங்காமல், வியர்வை, கை அல்லது தாடை வலியும் சேர்ந்தால், பழைய ரிசல்ட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.